எருக்கம்பூ மாலை, எருமை மேல் ஊர்வலம்: நீலகண்டன் சுமந்த சிலுவை

சித்திரை மாசம் வீரபாண்டிக்கு வந்திருக்கீங்களா? தேனியிலிருந்து கம்பம் போற ரோட்டுல 8 கிலோமீட்டர். மத்த நாள்ல அமைதியான ஊர்தான். கௌமாரியம்மன் திருவிழா ஆரம்பிச்சுட்டா நடக்கக்கூட இடம் இருக்காது. தீச்சட்டி எடுக்கிறவங்க, ஆயிரங்கண் பானை தூக்கிட்டு வர்றவங்க, உடம்பு முழுக்கச் சேறு பூசிக்கிட்டு வர்றவங்க, முல்லைப் பெரியாற்றுல குளிச்சு ஈரத்துணியோட தண்ணி மொண்டு வந்து கோயில் கம்பத்துக்கு ஊத்துறவங்கன்னு ராத்திரி பகல் தெரியாது. ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஒரு கதை இருக்கும். பிள்ளைக்கு அம்மை இறங்கியிருக்கும், ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும், வராதுன்னு கைவிட்ட பணம் வந்திருக்கும். கஷ்டம் வந்தது, வேண்டிக்கிட்டாங்க, கஷ்டம் தீர்ந்தது, நேர்த்திக்கடன் செலுத்த வந்திருக்காங்க. சின்ன வயசுலேர்ந்து நான் பார்த்து வளர்ந்த பக்தி இதுதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி திருவிழாவுக்கு என்கூடப் படிச்ச தோழி ஒருத்தி வந்திருந்தாள். நாகர்கோவில் பக்கம் ஊர். கழுத்துச் செயின்ல சின்னதா ஒரு சிலுவை. கம்பத்துக்குத் தண்ணி ஊத்துறது ஏன், மூணு கிளை ஏன்னு கேட்டுக்கிட்டே வந்தாள். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். அப்புறம் ரொம்ப நாளா மனசுல இருந்ததை நான் கேட்டேன். சிலுவைங்கிறது ரோமானியர்கள் ஆளைக் கொல்ல வச்சிருந்த மரம். அடிமைகளையும் கலகக்காரர்களையும் ஊர் பார்க்க அறைஞ்சு தொங்கவிடுறதுக்கு. இன்னிக்கு யாராவது தூக்குக்கயிற்றைத் தங்கத்துல செஞ்சு கழுத்துல போடுவாங்களா?

அவள் கோவிச்சுக்கலை. ஆரல்வாய்மொழியில காற்றாடிமலைன்னு ஒரு இடம் இருக்கு, ஒருநாள் வா, காட்டுறேன்னு மட்டும் சொன்னாள். போனேன். அங்கே உயிரைவிட்ட ஒரு மனுஷனைப் பற்றித்தான் உங்ககிட்ட பேசப் போறேன். நீங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாட்டியும் சரி, இந்தக் கதையில உங்களுக்கும் ஒரு இடம் இருக்கு.

அவர் பெயர் நீலகண்ட பிள்ளை. 1712 ஏப்ரல் 23-ம் தேதி நட்டாலத்தில் பிறந்தார். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் ஊர். அன்றைக்கு அந்தப் பகுதி வேணாடு, பின்னால் திருவிதாங்கூர். அப்பா வாசுதேவன் நம்பூதிரி, அம்மா தேவகி அம்மாள். தாய்வழியில் நாயர் குடும்பம், வசதியான வீடு. தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் படித்தார், ஆயுதப் பயிற்சியும் உண்டு. பத்மநாபபுரத்தில் நீலகண்டசாமி கோயில் பொறுப்பு, அப்புறம் அரண்மனை வேலை என்று மேலே மேலே போனார். இலந்தைவிளையைச் சேர்ந்த பார்கவி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். இன்றைய கணக்கில் சொன்னால், முப்பது வயசுக்குள்ள லைஃப்ல செட்டில் ஆன ஆள்.

மன்னர் மார்த்தாண்ட வர்மா. சிதறிக் கிடந்த குறுநிலங்களை அடக்கி திருவிதாங்கூரைப் பெரிய நாடாக்கியவர். 1741-ல் குளச்சல் கடற்கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தார். ஆசிய மண்ணில் ஒரு ஐரோப்பியக் கம்பெனி இவ்வளவு பெரிய அடி வாங்கியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். கைதியாக வந்தவர் கடைசியில் தளபதியாகவே ஆகிவிட்டார். உதயகிரிக் கோட்டையும் படையும் அவர் பொறுப்பு. டி லனாய் ஒரு கத்தோலிக்கர். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

கோட்டை வேலைகளில் நீலகண்டனும் டி லனாயும் பழகினார்கள். அந்தச் சமயத்தில் நீலகண்டன் வீட்டில் அடிமேல் அடி. ஆடுமாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, சொத்து கரைந்தது. இப்படி வரிசையாக நடந்தால் நம்ம ஊரில் என்ன சொல்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். யாரோ கண்ணு வச்சுட்டாங்க, சாமி குத்தம், போன ஜென்மத்துப் பாவம். நீலகண்டனும் கோயில் குளம் எல்லாம் செய்து பார்த்தார். முகம் வாடி வேலைக்கு வந்தவரிடம் டி லனாய் காரணம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு ஒரு கதை சொன்னார் என்பது கோட்டாறு பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் செய்தி. விவிலியத்தில் வரும் யோபுவின் கதை.

யோபு நல்லவர், பெரிய பணக்காரர். ஒரே நாளில் மாடுகள், ஒட்டகங்கள், பிள்ளைகள் எல்லாம் போய்விடும். உடம்பெல்லாம் புண். பார்க்க வந்த நண்பர்கள், நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். யோபு ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் கடவுள் பேசும்போது தப்பு நண்பர்கள் பக்கம்தான் என்று ஆகும். ஆனால், யோபுவுக்கு ஏன் அத்தனை கஷ்டம் வந்தது என்பதற்கு அந்தக் கதையில் யோபுவுக்குப் பதிலே கிடைக்காது. படிக்கிற நமக்கும் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும்.

நீலகண்டனுக்கு அது ஏன் பிடித்துப்போனது? நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கஷ்டப்படுகிறவன் குற்றவாளி கிடையாது என்று அவரிடம் ஒருவர் முதன்முறையாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து சிலுவைக்கு ஒரு எட்டுதான். தப்பே செய்யாத ஒருவர் குற்றவாளிகளோடு சேர்த்து அறையப்பட்டார், அவரிடத்தில்தான் கடவுள் இருந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கஷ்டத்தைத் தூரத்தில் நின்று அனுப்புகிற கடவுளை இத்தனை நாள் பயத்தோடு பார்த்திருந்த மனுஷனுக்கு, கஷ்டத்துக்குள்ளேயே வந்து நிற்கிற கடவுள் புதிது.

திருவிதாங்கூருக்குள் ஓர் அரண்மனை அதிகாரிக்குத் திருமுழுக்குக் கொடுப்பது ஆபத்தான வேலை. அதனால் டி லனாய் அவரை எல்லைக்கு வெளியே, இப்போதைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார் ஜியோவான்னி பத்தீஸ்தா புத்தாரி இருந்தார். ஊர்மக்களுக்கு அவர் பரஞ்சோதிநாதர். 1745 மே 14 அன்று நீலகண்டனுக்கு லாசரஸ் என்ற பெயர் வைக்கப்பட்டது. கடவுள் என் துணை என்று அர்த்தம். தமிழில் தேவசகாயம். அப்போது அவருக்கு 33 வயசு. மனைவி பார்கவியும் பின்பு மதம் மாறினார். தெரேசா என்பதற்குத் தமிழில் ஞானப்பூ. புருஷன் மாறினால் பொண்டாட்டியும் மாறியாகணும் என்று தானாக நடந்ததாக நினைச்சுடாதீங்க. சொந்தபந்தத்தை முழுசாக இழக்கப்போவது அவர்தான், அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

இனி எல்லாம் சுகம் என்று சினிமாவில் வரும். தேவசகாயத்துக்கு நேர்மாறு. மதம் மாறியதும் செத்த மாடு திரும்பி வந்துவிடவில்லை. இருந்த வேலைக்கும் ஆபத்து வந்தது. இதுதான் இந்த மனுஷன் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது. சிலுவையைப் பரிகாரமாக அவர் எடுத்திருந்தால், பலன் கிடைக்கவில்லை என்று ஒரே வருஷத்தில் திரும்பப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் போகவில்லை.

அவருடைய புது வாழ்க்கை எப்படி இருந்தது? ஜெபமாலை, பூசை எல்லாம் இருந்திருக்கும். ஊருக்கு உறுத்தியது அது இல்லை. யாரோடு உட்கார்ந்தார், யார் வீட்டுக்குப் போனார் என்பதுதான். அன்றைய திருவிதாங்கூரில் ஒரு சாதிக்காரர் இன்னொரு சாதிக்காரருக்கு எத்தனை அடி தள்ளி நிற்கணும் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு. தீண்டாமை பத்தாது என்று, கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஊரில் ஓர் அரண்மனை நாயர், ஒடுக்கப்பட்டவர்களோடு சரிசமமாகப் பழக ஆரம்பித்தார். எல்லாரும் ஒரே கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்துத் தீட்டுக் கழிக்கிற ஆள் இல்லை அவர்.

இப்போ டி லனாய் விஷயத்துக்கு வாங்க. அவரும் கத்தோலிக்கர், அதே மன்னரிடம்தான் வேலை பார்த்தார். 1777-ல் இயற்கையாக இறக்கும்வரை மரியாதையோடு இருந்தார். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இன்றைக்கும் அவர் கல்லறை இருக்கிறது. வெள்ளைக்காரர் சிலுவை போட்டுக்கொண்டால் பிரச்னை இல்லை. உள்ளூர் நாயர் போட்டுக்கொண்டு, சாதிக்கோட்டைத் தாண்டியதுதான் பிரச்னை. எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடணும். திருவிதாங்கூர் வரலாற்றை எழுதியவர்களில் சிலர், அவர் தண்டிக்கப்பட்டது மதத்துக்காக இல்லை, ராஜத் துரோகத்துக்காக என்கிறார்கள். அரசாங்க ரகசியங்களை வெளியே சொன்னார் என்பது மாதிரியான குற்றச்சாட்டுகள் அவர்மேல் சுமத்தப்பட்டன. திருச்சபை அதை மறுக்கிறது. அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள், 1756-லேயே, கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், அன்றைக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாபசாமிக்குச் சமர்ப்பித்துவிட்டு, சாமியின் அடியாராக இருந்து ஆண்டார். நாடே சாமியுடையது என்று ஆனபிறகு, சாமியை விட்டுப் போனவன் நாட்டைவிட்டுப் போனவனாகத்தானே தெரிவான்? அந்தச் சமர்ப்பணம் நடந்தபோது தேவசகாயம் விலங்கோடு இருந்தார்.

அவரைக் கைது செய்தது 1749 பிப்ரவரியில். அதன்பின் நடந்ததை வேகமாகக் கடந்து போக எனக்கு மனசில்லை.

கைகளைப் பின்னால் கட்டி, எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தார்கள். கழுத்தில் எருக்கம்பூ மாலை. எருக்கு நம்ம ஊரில் எங்கே முளைக்கும்? குப்பைமேட்டிலும் இடுகாட்டு ஓரத்திலும். மரண தண்டனைக் குற்றவாளிக்கு அந்த நாட்டில் போடும் மாலை அது. ஜெருசலேமில் இயேசுவின் தலையில் முள்ளை வளைத்துக் கிரீடம் என்று வைத்துக் கேலி செய்தார்கள் இல்லையா? அதே கேலிக்குத் திருவிதாங்கூரில் எருக்கம்பூ. ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தன்னைவிடச் சின்னப் பதவியில் இருந்தவர்கள், தனக்கு எழுந்து நின்று வழிவிட்டவர்கள் எல்லாரும் தெருவில் நின்று பார்த்திருப்பார்கள். அடி, அதற்குமேல் காயத்தில் மிளகாய்ப்பொடி, உச்சி வெயில் என்று சித்திரவதைகளை மக்கள் இன்றும் வரிசையாகச் சொல்கிறார்கள். எனக்கு அடியைவிட அந்த எருமைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வருகிறது. ஒரு மீம் நம்மைப் பற்றிச் சுற்றினாலே ரெண்டு நாள் தூக்கம் போகுது. இவரை ஊரே கூடி நின்று சிரித்தது.

பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள். மாதக்கணக்கில் அங்கேயே வெயில், மழை. பயமுறுத்தத்தான் அப்படிப் பொது இடத்தில் கட்டினார்கள். ஆனால் ஜனங்கள் அவரைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தை மரத்தில் கட்டிக்கிடக்கிற மனுஷனிடம் சொன்னார்கள், அவர் அவர்களுக்காக ஜெபித்தார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் அவர் முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் வந்ததாக நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்கே பெயர். தண்ணீர் வந்ததை நீங்க நம்பணும்னு நான் சொல்ல மாட்டேன். குடிக்கத் தண்ணி கொடுக்காமல் ஒருத்தரை வெயிலில் இழுத்துப்போனதை ஊர் இன்றுவரை மறக்கவில்லை என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

பழைய வழிக்குத் திரும்பிவிட்டால் விடுதலை என்பது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். கிட்டத்தட்ட மூன்று வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருந்தார். திருமுழுக்குப் பெற்ற நாளிலிருந்து சாகும்வரை அவர் கிறிஸ்தவராக வாழ்ந்தது ஆறு வருஷம் எட்டு மாசம். அதில் கடைசி மூணு வருஷம் விலங்கில்தான் போனது.

கடைசியாகக் கொண்டுபோனது ஆரல்வாய்மொழிக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடிகிற இடத்தில் இருக்கும் கணவாய் ஊர். இப்போ நாகர்கோவில் போற வழியில் வரிசையாகக் காற்றாலைகள் சுத்துறதைப் பார்த்து செல்ஃபி எடுப்பீங்களே, அந்த ஏரியாதான். 1752 ஜனவரி 14, இரவு. காற்றாடிமலைக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அவருக்கு 39 வயசு. உடலை அடக்கம் செய்ய விடவில்லை, காட்டிலேயே போட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து மக்கள் போய் எலும்புகளைத் தேடி எடுத்துக் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

என் தோழி காற்றாடிமலையில் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தியபோது மதிய நேரம். கல்மேல் காற்று அடிக்கிற சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. வீரபாண்டியில் நான் கேட்ட கேள்விக்கு அவள் அங்கேயும் பதில் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி பாறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். எங்க ஊர்ல கம்பத்துக்குத் தண்ணி ஊத்தினதும் ஜனங்க அதைத் தொட்டு ஒத்திக்கிற அதே மாதிரி. வித்தியாசம் ஒண்ணுதான் பட்டது. இங்கே கும்பிடப்படுகிறவருக்குக் கஷ்டம் தீரவே இல்லை. தீராத கஷ்டத்தோடு வந்தவர்களும் இங்கே நிற்கலாம் போல.

ரோம் அவரைப் புனிதராக அறிவிக்க 270 வருஷம் ஆனது. 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். 2022 மே 15 அன்று வத்திக்கானில் போப் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, குடும்ப வாழ்க்கையில் இருந்த இந்தியர் ஒருவர் புனிதரானது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் ஒரு சர்ச்சையும் நடந்தது. பெயருக்குப் பின்னால் பிள்ளை என்று சாதியைச் சேர்த்தே அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. சாதியைத் துறந்ததற்காகவே அடிபட்ட மனுஷனுக்குச் சாதிப் பெயரோடு பட்டமா என்று எதிர்ப்பு கிளம்பியது. வத்திக்கான் அந்த ஒட்டை எடுத்துவிட்டது. வெறும் தேவசகாயம்.

இதில் ஒரு கசப்பான பகுதியும் இருக்கிறது, மறைத்தால் நியாயமில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு பெரிய கோயில் கட்டினார்கள். பேன்ட் மாதிரி இரண்டு கிளை பிரிந்து, நடுவில் ஒரே பீடத்தில் சேருகிற வடிவம். ஒரு பக்கம் வெள்ளாளர், இன்னொரு பக்கம் நாடார் உள்ளிட்டவர்கள். ஒரே பூசை, ஒரே சிலுவை, ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கத் தேவையில்லாத சுவர். 1910-ல்தான் அதை இடித்தார்கள், அதற்கும் கோர்ட் கேஸ் வரை போனது. சிலுவையைச் செயினில் போடுவது எவ்வளவு சுலபம், தேவசகாயம் மாதிரி பக்கத்து ஆளோடு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஊரே காட்டிவிட்டது. இது வடக்கன்குளத்துப் பிரச்னை மட்டும்தானா? நம்ம ஊர் டீக்கடை, கல்யாண மண்டபம், சுடுகாடு எல்லாத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

நேரில் போய்ப் பார்க்கணும்னு தோணினா, தேனியிலிருந்து மதுரை, திருநெல்வேலி வழியா நாகர்கோவில் பஸ் பிடிங்க. காவல்கிணறு தாண்டினா ஆரல்வாய்மொழி. மலையடிவாரத்தில் வியாகுல அன்னை கோயில் இருக்கு. ஒரே நாள்ல கோட்டாறு, புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை எல்லாத்தையும் பார்த்துடலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை லீவு, அதைப் பார்த்துக்கிட்டு கிளம்புங்க.

திரும்பி வரும்போது காவல்கிணறுலேர்ந்து பக்கத்துல வடக்கன்குளத்துக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. தேவசகாயத்தின் படத்தை நீங்க எங்கே வேணாலும் பார்க்கலாம். விலங்கு போட்ட கை கூப்பியிருக்கும், முழங்கால் போட்டிருப்பார். ஞானப்பூவுக்கு அப்படி ஒரு படம் இல்லை. புருஷன் சுடப்பட்ட பிறகு அவர் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. வடக்கன்குளத்துக்கு வந்து, தெரியாத ஜனங்களுக்கு நடுவில், விதவையாகப் பதினாலு வருஷம் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொந்தக்காரர்கள் அவரையும் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். 1766-ல் இறந்தார். அவரை அடக்கம் செய்ததும் அந்த ஊரிலேயே. கல்லறை எங்கே என்று கோயிலில் கேளுங்க, சொல்வாங்க.